மேசையும் குசினியும்: பிரெஞ்சு உணவகம் பற்றிய இலக்கியச் சாட்சியங்கள்

உணவைப் பற்றி எழுதுவது இலக்கிய விமர்சகனின் வேலையன்று எனக் கருதுவோர் எம்மிடையே உளர். பசியைப் பற்றி எழுதலாம். பஞ்சத்தைப் பற்றி எழுதலாம். ஆனால் பாரிஸ் நகரத்துச் செல்வர் வெள்ளைத் துணி விரித்த மேசையிலமர்ந்து உண்ணும் விருந்தைப் பற்றி, உழைக்கும் மக்களின் பக்கம் நிற்கும் எழுத்தாளனுக்கு என்ன பேச்சு என அவர்கள் வினவுவர். மேலோட்டமாக நோக்குமிடத்து இவ்வினா நியாயமானதாகவே தோன்றும். ஆயின், பசியையும் விருந்தையும் பிறப்பிப்பது ஒரே சமுதாய அமைப்பே என்பதை ஏற்றுக்கொண்டவர்கள், ஒன்றை ஆராய்ந்து மற்றதை விட்டுவிடல் பொருந்தாது. மேலும், பிரெஞ்சு உயர்தர உணவகம் வெறும் கேளிக்கைத் தலமன்று. அது குறிப்பிட்ட ஒரு காலத்தில், குறிப்பிட்ட ஒரு வர்க்கத்தின் எழுச்சியோடு தோன்றிய நிறுவனம். அதன் மண்டபத்தையும் அதன் குசினியையும் ஐரோப்பாவின் முதன்மையான எழுத்தாளர் சிலர் கூர்ந்து நோக்கி எழுதியுள்ளனர். அவர்களுடைய சாட்சியங்களை வரிசைப்படுத்தி நோக்குவதும், அவற்றின் வன்மை மென்மைகளை மதிப்பிடுவதுமே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

‘ரெஸ்தோரன்’ என்னும் சொல் 18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஓர் இடத்தைக் குறிக்கவில்லை. உடல்நலங் குன்றியோருக்கு வலுவூட்டும் இறைச்சிச் சாற்றையே அது குறித்தது. 1760களில் மத்துரின் ரோஸ் த ஷாந்துவாசோ முதலியோர் பாரிஸில் அச்சாற்றை விற்கும் கடைகளைத் திறந்தனர். அதுவரை வழிப்போக்கன் சத்திரத்திலே குறித்த நேரத்தில், முன்பின் அறியாதவரோடு பொது மேசையிலமர்ந்து, சத்திரக்காரன் வைத்ததை உண்ணவேண்டியிருந்தது. புதிய கடையிலோ அவனுக்குத் தனி மேசை கிடைத்தது. விரும்பிய நேரத்தில் வரலாம். பட்டியலைப் பார்த்து விரும்பியதைக் கேட்கலாம். கேட்டதற்கு மட்டும் விலை கொடுக்கலாம். 1780களில், அரசகுடும்பத்தினரின் அரண்மனையிற் பணிபுரிந்த பொவில்லியே என்பார் அத்தகைய கடையை மண்டபமாக உயர்த்தினார். பிரபுக்கள் புரட்சிக்கு அஞ்சி ஓடியபின் வேலையிழந்த சமையற்காரரே உணவகங்களைத் தோற்றுவித்தனர் என்ற கதை நீண்டகாலம் வழங்கிவந்தது. ஆயின் 1789க்கு முன்பே உணவகம் வேரூன்றிவிட்டதென்பதை வரலாற்றாசிரியை ரெபெக்கா ஸ்பாங் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலிலே தக்க ஆதாரங்களுடன் நிறுவியுள்ளார்.

புரட்சி செய்தது வேறொன்று. 1791 மார்ச்சில் பழைய தொழிற்குழுக்களின் ஏகபோக உரிமைகள் ஒழிக்கப்பட்டன. யாரும் எந்தத் தொழிலையும் நடத்தலாமென்றாயிற்று. அதே ஆண்டு யூனில் நிறைவேற்றப்பட்ட லெ ஷாப்பலியே சட்டமோ, தொழிலாளர் கூலிக்காக ஒன்றுசேர்வதைத் தடைசெய்தது. வேலைநிறுத்தஞ் செய்யும் உரிமை 1864இலும் சங்கம் அமைக்கும் உரிமை 1884இலுமே பிரெஞ்சுத் தொழிலாளிக்குக் கிட்டின. கடை திறப்பவனுக்கு உடனே கிடைத்த சுதந்திரம், அடுப்படியில் நிற்பவனுக்குக் கிடைப்பதற்கு ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு சென்றது. பிரெஞ்சு உணவகத்தின் பொற்காலம் எனப் போற்றப்படும் காலம் பெரும்பாலும் இந்த இடைவெளிக்குள்ளேயே அடங்குகின்றதென்பது கருதத்தக்கது.

இந்நிறுவனத்தின் முதற் புகழ்பாடகர் பிரியா-ஸாவரன். 1789இன் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தவர். பயங்கர ஆட்சியின்போது நாட்டைவிட்டு ஓடி அமெரிக்காவிற் பிரெஞ்சு மொழி கற்பித்தும் வயலின் வாசித்தும் வாழ்ந்தவர். பின்னர் உயர் நீதிமன்ற நீதியரசரானவர். 1825இன் இறுதியில் வெளிவந்த ‘சுவையின் உடலியல்’ என்ற நூலில் அவர் உணவகக்காரரைப் பெரிதும் பாராட்டுகிறார். கையிற் போதிய காசுள்ள எவனும் முதல்தர உணவகத்தில் அமர்ந்து, ஓர் இளவரசனின் மேசையில் உண்பதைப்போலவோ அதனினும் சிறப்பாகவோ உண்ணலாம் என்பது அவருடைய வாதத்தின் சாரம். இது பொய்யன்று. பிறப்பினாற் கிடைத்த விருந்து காசினாற் கிடைக்கும் விருந்தாக மாறியது வரலாற்றில் ஒரு முன்னேற்றமேயாம். நிலமானியப் பிரபு தன் மேசைக்கு அழைத்தால் மட்டுமே உண்ணக்கூடியதாயிருந்த பண்டத்தை, வணிகனும் வழக்கறிஞனும் தன் உரிமையாகக் கேட்டுப் பெறலாயினர். ஆனால் ‘கையிற் காசுள்ள எவனும்’ என்ற நிபந்தனையை நீதியரசர் இலேசாகக் கடந்துசெல்கிறார். அந்நிபந்தனையை நிறுத்துப் பார்க்கும் பணி ஒரு நாவலாசிரியனுக்காகக் காத்திருந்தது.

அந்நாவலாசிரியர் பால்ஸாக். ‘இழந்த மாயைகள்’ நாவலின் 1839இல் வெளிவந்த இரண்டாம் பகுதியிலே, ஆங்குலேம் என்ற மாகாண நகரத்துக் கவிஞன் லூசியன் பாரிஸுக்கு வருகிறான். தலைநகரின் இன்பங்களை அறிந்துகொள்ள விரும்பிப் பலே-ருவாயாலில் அமைந்த வேரி உணவகத்துக்குச் சென்று, ஒரு போத்தல் பொர்தோ வைனும், ஒஸ்தாந்துச் சிப்பியும், மீனும், கௌதாரியும், மக்கறோனியும், பழமும் கொண்டுவரச் செய்து உண்கிறான். கணக்குச் சீட்டு வருகிறது. ஐம்பது பிராங்க் போய்விடுகிறது. அத்தொகை ஆங்குலேமில் அவனுடைய ஒரு மாத வாழ்க்கைச் செலவு. இனி ஒருபோதும் இங்கு காலடி வைக்கமுடியாதென எண்ணியவாறு, மரியாதையுடன் அம்மாளிகையின் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறுகிறான்.

இக்காட்சி சில வரிகளிலே முடிந்துவிடுகின்றது. ஆயினும் அதன் ஆழத்தை உணர்வதற்கு அந்தப் பிராங்குகள் எங்கிருந்து வந்தன என்பதை நாம் நினைவுகூர்தல் வேண்டும். லூசியனின் தாய் பிரசவம் பார்த்துப் பிழைப்பவள். தங்கை ஏவ் சலவைக் கடையில் நுண்துணிகளுக்கு அழுத்தம் போட்டவள். அவளும், அவளை மணந்த அச்சகக்காரன் டாவிட்டும் வருந்திச் சேர்த்த இரண்டாயிரம் பிராங்கே அவன் பயணத்துக்கு மூலதனம். வேரியின் மேசையில் ஒரு மாலைப்பொழுதிலே கரைந்தது அக்குடும்பத்தின் உழைப்பு. பால்ஸாக் இதனை ஒழுக்கப் போதனையாக எழுதவில்லை. கணக்கைச் சொல்லிவிட்டு மௌனமாகிறார். தமது அரசியற் பற்றினால் முடியாட்சிவாதியாயிருந்த பால்ஸாக், தாம் நேசித்த வர்க்கத்தின் வீழ்ச்சியையே உண்மையாகச் சித்திரித்தார் என ஏங்கெல்ஸ் 1888இல் எழுதிய கடிதமொன்றில் வியந்துரைத்தமை எமது வாசகர் அறிந்ததே. அக்கருத்துக்கு இக்கணக்குச் சீட்டு ஒன்றே போதிய உதாரணமாகும்.

வேரியை விட்டு வெளியேறிய லூசியன், மாணவர் வாழும் இலத்தீன் வட்டாரத்திலுள்ள பிளிக்கோத்தோ என்ற மலிவுக் கடையைச் சென்றடைகிறான். அங்கே மூன்று கறியுடன் சாப்பாடு பதினெட்டு சூ. ஒரு பிராங்குக்கும் குறைவு. பாண் எவ்வளவும் கேட்கலாம். உருளைக்கிழங்கு எக்காலத்தும் குறைவதில்லை. கவலை தோய்ந்த முகங்களுடன் நாளைய மருத்துவரும் அரசியல்வாதியும் எழுத்தாளரும் அந்த நீண்ட மேசைகளிலிருந்து விரைவாக உண்டெழுகின்றனர். பால்ஸாக் அக்கடையை விவரிக்கும்போது அவருடைய நடையில் ஒருவகைக் கனிவு புகுந்துவிடுகின்றது. வேரியில் லூசியன் தனியாக உண்டான். பிளிக்கோத்தோவில் அவனுக்கு நண்பர் கிடைக்கின்றனர். தனி மேசையும் பொது மேசையும் மனிதரை எவ்வாறு வெவ்வேறு விதமாக உருவாக்குகின்றன என்பதை இதனினும் தெளிவாகக் கூறிய பிரெஞ்சு நாவல் வேறில்லை எனலாம்.

பால்ஸாக்கின் காலத்துக்குப் பின்னர் உணவகம் பேரரசின் அலங்காரமாயிற்று. 1867 யூன் 7ஆந் திகதி, பாரிஸ் கபே ஆங்லேயில் ருஷியச் சக்கரவர்த்தி இரண்டாம் அலெக்சாந்தரும் அவருடைய மகனும் பிரஷிய மன்னர் முதலாம் வில்லியமும் பிஸ்மார்க்கும் ஒரே மேசையில் விருந்துண்டனர். மூன்றாண்டு சற்றுக் கழிந்தபின் அதே மன்னரின் படைகள் அந்நகரைச் சுற்றிவளைத்தன. முற்றுகையின் 99ஆம் நாளான 1870 டிசம்பர் 25இல், வுவாஸன் உணவகம் மிருகக்காட்சிச்சாலை விலங்குகளைச் சமைத்துப் பரிமாறியது. யானைச் சூப்பும், கங்காருக் கறியும், ஒட்டகப் பொரியலும், சிறந்த பழைய வைன்களும் அன்றைய பட்டியலிலே இடம்பெற்றன. அடுத்த மாதம் பாரிஸ் மக்களுக்குக் கிடைத்த பாண் பங்கீடு நாளொன்றுக்கு 300 கிராம்; அதுவும் கலப்படப் பாண். முற்றுகை எல்லோரையும் சமமாக வதைத்தது என்போர் இவ்விரண்டு பட்டியல்களையும் அருகருகே வைத்துப் பார்ப்பாராக. அப்பசியின் பின்னர் 1871 மார்ச்சில் எழுந்த பாரிஸ் கொம்யூன், மே மாத இறுதி வாரத்தில் இரத்த வெள்ளத்தில் மூழ்கடிக்கப்பட்டது.

அதற்கு இரண்டாண்டின் பின், 1873இல், ஸோலாவின் ‘பாரிஸின் வயிறு’ வெளிவந்தது. ஸோலா உணவகத்துக்குள் நுழையவில்லை. உணவகங்கள் அனைத்துக்கும் பண்டம் வழங்கிய லெ ஆல் சந்தையையே களமாக்கினார். 1851ஆம் ஆண்டின் சதிப்புரட்சியை எதிர்த்தமைக்காக நாடுகடத்தப்பட்டுத் தப்பிவந்த புளோராந், மலைமலையாகக் குவிந்த மரக்கறிகளின் நடுவே பசியால் மயங்குகிறான். ஓவியன் குளோத் அவனுக்கு உலகத்தைக் கொழுத்தவர், மெலிந்தவர் என இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறான். இந்நாவலில் விமர்சகர் பலர் கவனியாது விட்ட ஒரு சிறு விவரமே எம்மை ஈர்க்கின்றது. அரண்மனையிலும் பெரிய வீடுகளிலும் உணவகங்களிலும் மேசையில் எஞ்சியவற்றைத் தட்டிலே அலங்கரித்து விற்கும் கடைகள் அச்சந்தையில் இருந்தன. வம்பு பேசும் கிழவி ஸாஜே அங்கே திருட்டுத்தனமாக மிச்சில் வாங்குகிறாள். அது சக்கரவர்த்தியின் மேசையிலிருந்து வந்ததென்ற பெருமையால் வெட்கத்தை மறைத்துக்கொள்கிறாள். மேல்தட்டின் எச்சிலை உண்டவாறே மேல்தட்டைப் போற்றும் மனப்பான்மையை இவ்வளவு நுட்பமாகக் காட்டியமை ஸோலாவின் சாதனை. எனினும் கொழுத்தவர், மெலிந்தவர் என்ற பாகுபாடு இயற்கை நியதிபோல அவரது கையிலே தோற்றமளிக்கின்றது. மெலிந்தவர் சேர்ந்து எழக்கூடும் என்பதை அந்நாவல் காட்டவில்லை. அதற்கு இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து ‘ஜெர்மினல்’ எழுதப்படவேண்டியிருந்தது.

இதுவரை கூறிய நூல்களில் ஒன்றேனும் குசினிக்குள் நம்மை அழைத்துச் செல்லவில்லை. இதற்கிடையே குசினியின் அமைப்பும் மாறிவிட்டது. 1870ஆம் ஆண்டுப் போரில் இராணுவச் சமையற்காரராயிருந்த ஒகுஸ்த் எஸ்கொஃபியே, பின்னர் இலண்டன் ஸவோய், பாரிஸ் ரிட்ஸ், இலண்டன் கார்ல்ட்டன் ஆகிய விடுதிகளின் குசினிகளைப் படையணிபோல ஒழுங்குபடுத்தினார். குழம்புக்கு ஒரு பிரிவு, வாட்டலுக்கு ஒரு பிரிவு, மரக்கறிக்கு ஒரு பிரிவு, இனிப்புக்கு ஒரு பிரிவு எனத் தொழில் பிரிக்கப்பட்டது. ஒரு சமையற்காரன் முழுதாகச் செய்த உணவைப் பல கைகள் துண்டுதுண்டாகச் செய்து விரைவாக முடித்தன. ஆலையில் நிகழ்ந்த தொழிற்பிரிவினையே இங்கும் நிகழ்ந்தது. 1903இல் வெளியான அவருடைய ‘சமையல் வழிகாட்டி’ இன்றளவும் அத்தொழிலின் மூலநூல்களில் ஒன்று. அதே எஸ்கொஃபியே, வறுமையை ஒழிப்பதற்குப் பரஸ்பர உதவித் திட்டமொன்றை வகுத்து 1910இல் ஒரு பிரசுரம் வெளியிட்டார் என்பது பலரறியாத செய்தி. உலகின் மிக விலையுயர்ந்த மேசைகளுக்குச் சமைத்த மனிதனை, அம்மேசைகளுக்கு அப்பாலிருந்த வறுமை உறுத்தியிருக்கின்றது.

குசினியின் கதவைத் திறந்தவர் ஜோர்ஜ் ஓர்வெல். 1929இல் பாரிஸ் விடுதியொன்றின் நிலவறையிற் கோப்பை கழுவிய அனுபவத்தை, 1933இல் வெளிவந்த ‘பாரிஸிலும் இலண்டனிலும் வறியவனாக’ என்ற நூலில் அவர் எழுதினார். கண்ணாடிகளும் பூக்களும் நிறைந்த மண்டபத்துக்கும், உணவுக் கழிவில் வழுக்கும் குசினித் தரைக்கும் இடையே இருந்தது ஓர் இரட்டைக் கதவு மாத்திரமே. குசினியில் வசைபாடி நின்ற பரிசாரகன் அக்கதவைத் தாண்டும் கணத்திலே தோளை நிமிர்த்தி, முகத்தைச் சாந்தமாக்கி, பாதிரியாரைப்போல மிதந்து செல்வதை ஓர்வெல் கண்டெழுதுகிறார். விலை ஏற ஏற உணவிற் படும் கைகளும் வியர்வையும் எச்சிலும் ஏறுகின்றன என்ற அவருடைய முடிபு வாசகரைத் திடுக்கிடச் செய்தது. மலிவுக் கடையில் இறைச்சியை அப்படியே தட்டில் எறிந்துவிடுகின்றனர். உயர்ந்த இடத்திலோ அதனை விரலால் தடவி, நக்கிச் சுவைபார்த்து, அழகுபடுத்துகின்றனர் என்பது அதன் விளக்கம். பின்னர் அவர் பணிபுரிந்த சிறிய உணவகமொன்றில் வேலைநேரம் நாளொன்றுக்குப் பதினேழு மணித்தியாலத்தையுங் கடந்தது.

ஓர்வெலின் நூல் நேர்மையான நூல். தான் காணாததை அவர் எழுதவில்லை. கோப்பை கழுவுபவனை இக்காலத்து அடிமை எனக் கூறி, இவ்வடிமை வேலை எதற்காக நிலைபெறுகின்றது என்றும் வினவுகிறார். ஓய்வு கிடைத்தால் ஏழைகள் சிந்திப்பர், சிந்தித்தால் ஆபத்து விளையும் என்ற அச்சமே அதற்குக் காரணம் என்பது அவர் விடை. விடையின் ஒரு பகுதி உண்மை. ஆயினும் இலாபம் என்ற எளிய காரணத்தை அவர் போதியளவு அழுத்தவில்லை. நள்ளிரவுவரை உழைப்பவனை வைத்திருப்பது விடுதிக்காரனுக்கு ஆதாயம்; அச்சம் அதன்பின் வருவது. மேலும் இரு குறைகளைச் சுட்டுதல் அவசியம்.

முதலாவது, பரிசாரகரைப் பற்றிய அவருடைய மதிப்பீடு. நாள்தோறும் செல்வரைப் பார்த்துப் பார்த்துத் தாமும் செல்வராகக் கனவு காண்பதால் அவர்கள் சமதர்மவாதிகளாவது அரிதென்றும், உருப்படியான தொழிற்சங்கம் அவர்களிடம் இல்லையென்றும் அவர் எழுதுகிறார். ஆனால் அவர் பாரிஸுக்கு வருவதற்கு இருபதாண்டுகளுக்கு முன்பே, 1907 ஏப்ரலில், அந்நகரத்துப் பெருவீதிகளின் பரிசாரகர் வேலைநிறுத்தஞ் செய்தனர். ஓய்வுநாளும் நல்ல ஊதியமும் கேட்டதோடு, மீசை வைக்கும் உரிமையையுங் கேட்டனர். ஏவலாளன் மழித்த முகத்துடன் நிற்கவேண்டுமென்பது எசமானர் விதி. மீசைக் கோரிக்கையைக் கண்டு சிரித்த பத்திரிகைகள், அதனுள் அடங்கிய மானப் பிரச்சினையை உணர்ந்தனவல்ல. மேலுக்குச் சால்வை போடவும் காலுக்குச் செருப்பணியவும் தடைவிதிக்கப்பட்ட மக்கள் வாழ்ந்த யாழ்ப்பாணத்து வாசகருக்கு அதனை விளக்கவேண்டியதில்லை.

இரண்டாவது குறை, ஓர்வெல் உயர்தர உணவகத்தின் கலையை முற்றிலும் போலி எனத் தள்ளிவிடுவது. ஆடம்பரம் போலியென்பதில் ஐயமில்லை. விருந்தாளியான பெண்ணுக்கு விலை குறிக்கப்படாத பட்டியலையும், செலவு செய்யும் ஆணுக்கு விலை குறித்த பட்டியலையும் தனித்தனியே நீட்டிய வழக்கம் போலியன்றி வேறென்ன? ஆனால் வெண்ணெயும் முட்டைக் கருவும் பிரியாதபடி மிதமான சூட்டிலே அடித்துச் சேர்க்கும் கை போலியன்று. பாற்பிடிப்புள்ள மாவை மடித்து மடித்து நூறு படையாக்கும் பயிற்சி போலியன்று. அது தலைமுறை தலைமுறையாகத் தொழிலாளர் கைமாற்றிவந்த அறிவு. அதனை வாங்கி உண்டவனின் பெயர் அதன்மேல் ஒட்டப்பட்டுவிட்டமைக்காக, அதைச் செய்தவனின் உரிமையை நாமும் மறுத்தல் ஆகாது. கோயில் அரசனின் புகழுக்காக எழுப்பப்பட்டதென்பதற்காகச் சிற்பியின் உளியை நாம் இகழ்வதில்லை.

இவ்விடத்திலேயே, எமது ஆய்வில் மிகக் கடினமான வினாவை எழுப்பும் கதையொன்று குறுக்கிடுகிறது. டென்மார்க் எழுத்தாளர் இசாக் டினேசன், ‘பபெத்தின் விருந்து’ என்ற கதையை 1950இல் ஒரு சஞ்சிகையிலும் பின்னர் 1958இல் தம் தொகுதியிலும் வெளியிட்டார். கணவனையும் மகனையும் கொம்யூன் அழிவிலே சுட்டுக்கொல்லக் கொடுத்துவிட்டு, தீவைப்பாளி என்ற குற்றச்சாட்டிலிருந்து தப்பி, பபெத் என்ற பெண் நோர்வேயின் ஒதுங்கிய கடற்கரை ஊரொன்றில் மூப்படைந்த இரு சகோதரிகளிடம் வேலைக்காரியாகிறாள். பன்னிரண்டு ஆண்டுகள் கருவாடும் பாண்கஞ்சியும் சமைக்கிறாள். அதிர்ஷ்டச் சீட்டில் பத்தாயிரம் பிராங்க் விழுகின்றது. அச்சகோதரிகளின் தந்தையான மதகுருவின் நூற்றாண்டு நாளில், பன்னிரண்டு பேருக்கு ஓர் உண்மையான பிரெஞ்சு விருந்து சமைக்க அவள் அனுமதி கேட்கிறாள். ஆமைச் சூப்பும், மாவுக்கூட்டில் வைத்த காடையும், அரிய வைன்களும் வருகின்றன. உணவைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை என முன்கூட்டியே சபதஞ் செய்த பக்தர்கள் மௌனமாக உண்கின்றனர். விருந்தாளியாக வந்த இராணுவத் தளபதி ஒருவர் மாத்திரம், முன்னொருகால் பாரிஸ் கபே ஆங்லேயில் தாம் உண்ட உணவு இதுவென அடையாளங் காண்கிறார். அங்கு அவருக்கு விருந்தளித்தவர் கலிஃபே.

கலிஃபே கற்பனைப் பாத்திரமன்று. 1871இல் கைதான கொம்யூன் போராளிகளின் வரிசைகளிலிருந்து ஆட்களைப் பொறுக்கியெடுத்துச் சுடச்செய்த படைத்தலைவர் அவரே. பபெத் தான் கபே ஆங்லேயின் சமையற் தலைவியாயிருந்தவள் என்பதையும், பத்தாயிரம் பிராங்கும் இவ்விருந்திலேயே செலவாகிவிட்டதென்பதையும் இறுதியில் வெளியிடுகிறாள். தன் மக்களைக் கொன்றவரின் கொடுமையை அவள் மறுக்கவில்லை. அவர்களுக்கு எதிராகத் தெருத்தடையில் நின்றதையும் மறைக்கவில்லை. ஆயினும் அவர்களுக்காக வருந்துகிறாள். ஏனெனில், தான் எத்தகைய கலைஞர் என்பதை அறியும்படி பெருஞ்செலவிற் பயிற்றப்பட்டவர்கள் அவர்களே என்கிறாள்.

இவ்வாக்குமூலத்தை எவ்வாறு கொள்வது? கலை சுவைஞனையே சார்ந்துள்ளது. சுவைஞனை உருவாக்குவது செல்வம். ஆகவே செல்வர் வீழ்ந்தால் கலையும் வீழும் என்பதே இதன் பொருளெனச் சிலர் கொள்வர். டினேசன் பிரபுத்துவ வாழ்வில் ஈடுபாடு கொண்டவராதலின் அவரும் அவ்வாறே கருதியிருக்கலாம். இந்த வாதம் எமக்குப் புதியதன்று. சதிரும் நாதஸ்வரமும் புரவலர் இன்றி வாழா என்றும், பண்டிதர் இன்றித் தமிழ் வாழாது என்றும் இங்கே நாம் கேட்டுப் பழகியவர்கள்.

ஆனால் பாத்திரத்தின் கூற்றை மாத்திரம் கொண்டு கதையைத் தீர்மானித்தல் தவறு. கதையில் நிகழ்வதை நோக்குக. அவ்விருந்தில் மகிழ்ந்தவர் யார்? வைனின் பெயரறியாத, காடையின் விலையறியாத, வாழ்நாளெல்லாம் கருவாடு தின்ற ஏழை முதியவரே. நெடுநாட் பகை கொண்டிருந்த இருவர் மன்னித்துக்கொள்கின்றனர். பழைய வஞ்சகங்கள் நகைப்பாக மாறுகின்றன. பனிபெய்த தெருவிலே குழந்தைகள்போல அவர்கள் வீடு திரும்புகின்றனர். பெருஞ்செலவிற் பயிற்றப்படாத நாவுகளும் அக்கலையை ஏற்றன. பபெத் எதனை இயலாதென்று கூறுகிறாளோ, அதனையே அவளுடைய கை சற்றுமுன் செய்துமுடித்திருக்கின்றது. ஆசிரியையின் சார்பையும் மீறிக் கதை உண்மையைப் பேசும் இவ்விடமே அதன் சிறப்பு. 1987இல் காப்ரியேல் அக்ஸல் இயக்கிய திரைப்படம், தளபதியின் வண்டிக்காரனையும் குசினியில் இருத்தி அவ்வுணவை உண்ணச்செய்தது; அவன் முகத்திற் தெரியும் நிறைவு மண்டபத்தாரின் நிறைவுக்கு எள்ளளவும் குறைந்ததன்று.

ஆயின் ஒன்று எஞ்சுகின்றது. ஏழைச் சமையற்காரி ஏழைகளுக்கு அவ்விருந்தை அளிப்பதற்கு அதிர்ஷ்டச் சீட்டு வேண்டியிருந்தது. அதுவும் ஒரு முறைக்கே போதியதாயிருந்தது. கலைக்குத் தடையாக நின்றது மக்களின் நாவன்று, பத்தாயிரம் பிராங்கே. இதனைக் கதை சொல்கிறது. ஆனால் இதிலிருந்து எழும் கேள்வியை அது கேட்கவில்லை.

அக்கேள்வி இன்றும் கேட்கப்படாமலே கிடக்கிறது. உயர்தர உணவகங்களுக்கு நட்சத்திரம் வழங்கும் மிஷெலின் வழிகாட்டி, 1900இல் மோட்டார் வண்டி ஓட்டுவோருக்காக ஒரு டயர் நிறுவனம் வெளியிட்ட கையேடு. 1926இல் நட்சத்திரம் வழங்கத் தொடங்கி, 1931இல் ஒன்று முதல் மூன்றுவரையான வரிசையை அது வகுத்தது. அவ்விரண்டு ஆண்டுகளுக்கும் இடையில், 1930 பெப்ரவரியில், அதே நிறுவனத்துக்கு வியட்நாமில் இருந்த பூ ரியெங் றப்பர்த் தோட்டத்தின் ஒப்பந்தக் கூலிகள் வேலைநிறுத்தஞ் செய்து எழுந்தனர். அவர்களுள் ஒருவரான திரான் து பின் பின்னாளில் எழுதிய நினைவுக்குறிப்பு, அத்தோட்டத்தின் அடியையும் காய்ச்சலையும் சாவையும் பதிவுசெய்துள்ளது. மலைநாட்டுத் தோட்டங்களின் வரலாறறிந்த எவருக்கும் அது அந்நியமாகத் தோன்றாது. அவ்வியட்நாமின் தலைவர் ஹோ சி மின், 1911இல் பிரெஞ்சுக் கப்பலொன்றிற் குசினி உதவியாளராகவே சாய்கோனைவிட்டுப் புறப்பட்டார். 1913இல் இலண்டன் கார்ல்ட்டன் விடுதியில் வேலை செய்தார் என்பதை அது நின்ற இடத்திலுள்ள நினைவுப் பலகை கூறுகின்றது. எஸ்கொஃபியேயின் பெயர் பெற்ற குசினி அது.

நட்சத்திர முறை குசினித் தலைவனையும் விட்டுவைக்கவில்லை. மூன்று நட்சத்திரம் பெற்றிருந்த பெர்னார் லுவாஸோ, ஒரு வழிகாட்டி தம் புள்ளிகளைக் குறைத்திருந்த நிலையில், நட்சத்திரமும் பறிபோகலாமென்ற வதந்திகளின் நடுவே, 2003 பெப்ரவரியில் தம்மைத்தாமே சுட்டு மாண்டார். கடன் சுமையும் மனச்சோர்வும் அவரை வாட்டின எனக் கூறப்பட்டது. கலைஞன் எனப் போற்றப்பட்டவனும் சந்தையின் முன் வெறுங்கையன் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டியதில்லை. 2010இல் யுனெஸ்கோ ‘பிரெஞ்சு மக்களின் விருந்து முறை’யை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. அதிற் போற்றப்பட்டது உற்றார் உறவினர் கூடி உண்ணும் கொண்டாட்ட உணவே, நட்சத்திர உணவகமன்று. இவ்வேறுபாட்டை விளம்பரங்கள் விரைவில் மறக்கச் செய்துவிட்டன.

இன்று பாரிஸ் குசினிகளில் நிற்பவர் யார்? மாலி, செனகல், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து வந்தோரோடு எம்மவரும் நிற்கின்றனர். 1983க்குப் பின் பாரிஸ் சென்ற ஈழத்தமிழர் பலருக்கு முதலிற் கிட்டிய வேலை உணவகத்திற் கோப்பை கழுவுவதே. கோப்பை கழுவுதல் என்ற தொடரே எம்மிடையே புலம்பெயர் வாழ்வின் மறுபெயராக வழங்கலாயிற்று. 2008 பெப்ரவரியில் பாரிஸ் கிராந்த் ஆர்மே பெருவீதியிலுள்ள உணவகமொன்றின் குசினித் தொழிலாளர், வதிவிடப் பத்திரமற்றவராயிருந்தும், தொழிற்சங்கத்தின் துணையுடன் வேலைநிறுத்தஞ் செய்து பலர் பத்திரம் பெற்றனர். அதனைப் பின்பற்றி ஏப்ரலில் வேறு பல உணவகங்களிலும் போராட்டம் மூண்டது. தாமில்லாமல் மேசைக்கு உணவு வராது என்பதை அவர்கள் காட்டினர். ஓர்வெல் காணத் தவறியது இதுவே.

எனவே பிரெஞ்சு உணவகத்தை இகழ்ந்தொதுக்குவதோ வாய்பிளந்து வியப்பதோ எமது வேலையன்று. பால்ஸாக் கணக்குச் சீட்டைக் காட்டினார். ஸோலா எச்சிலைக் காட்டினார். ஓர்வெல் கதவைத் திறந்தார். டினேசன் கலைஞரைக் காட்டினார். இவர்களில் ஓர்வெல் ஒருவரே குசினியில் வேலைசெய்தவர். அவரும் சில மாதங்களில் வெளியேறக்கூடியவராயிருந்தார். அங்கேயே முப்பது ஆண்டுகள் நின்று, பிள்ளைகளைப் படிப்பித்து, ஊருக்குப் பணமனுப்பி, கைகளில் நீர்ப்புண்ணோடு முதுமையடைந்தவரின் சாட்சியம் தமிழில் இன்னும் முழுமையாக எழுதப்படவில்லை. புலம்பெயர்ந்தோரின் தமிழ்ச் சிறுகதைகளில் அதன் துணுக்குகள் சிதறிக்கிடக்கின்றன. அவற்றைத் தேடித் தொகுத்து, வகுப்பறையிற் பால்ஸாக்கோடும் ஓர்வெலோடும் சேர்த்துப் படிப்பிக்கும் ஆசிரியர்கள், அத்தொழிலாளரின் பிள்ளைகளுக்கும் எமது மாணவருக்கும் ஒருங்கே பயனுள்ள பணியொன்றைச் செய்தவராவர்.